மலைப்பூண்டு விற்க நாலு வரி விளம்பரம் எழுதுவது எப்படி?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ச் சரக்கு என்பதற்கான அரசுப் பதிவு, கிடைத்தது. ஆனால் அங்குள்ள மேல்மலைக் கிராமங்களின் விவசாயிகள் வாட்ஸ்அப்பில் போடும் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ‘தரமான, சுத்தமான, இயற்கையான பூண்டு கிடைக்கும்.’ எங்கிருந்தோ வந்த பூண்டை விற்பவரும் இதையேதான் எழுதுகிறார். அருமையான சரக்கு இப்படி அடையாளம் தெரியாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். முதன்முதலாக எழுத உட்காருபவர்களுக்காக இந்தக் குறிப்பு.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்
வடுகப்பட்டிப் பூண்டுச் சந்தை வியாபாரிக்கு எத்தனை மூட்டை, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது போதும். மதுரையில் மகளுக்குப் பிரசவப் பத்தியம் சமைக்கும் அம்மாவுக்கு அது போதாது. இருவருக்கும் ஒரே விளம்பரம் எழுதாதீர்கள். இங்கே அந்த அம்மாவை எடுத்துக்கொள்வோம்.

படி 2: போனில் வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள்
‘நிஜமாவே மலைப்பூண்டுதானா?’, ‘எத்தனை நாள் தாங்கும்?’, ‘கூரியர் காசு தனியா?’ உங்கள் விளம்பரத்துக்கு வேண்டியது முழுக்க இந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. பதில்களை வரிசையாக எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: புகழ்ச்சியை எடுத்துவிட்டுத் தகவலை வையுங்கள்
இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘தரமான’ என்று எழுதிய இடத்தில், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஊர், பிடுங்கிய மாதம், உலர்த்திய விதம் எல்லாம் வரட்டும். சரி, ஒரு மாதிரி:

“பூம்பாறையில் எங்கள் தோட்டத்தில் விளைந்த பூண்டு. போன மாதம் பிடுங்கி, தாளோடு கட்டித் தொங்கவிட்டு உலர்த்தியது. நல்ல காரம், உரித்த கையில் வாசம் நிற்கும். பல் ஒரே அளவில் இருக்காது. காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். அரைக் கிலோ முதல் அனுப்புகிறோம், விலையில் கூரியரும் சேர்த்தி. வேண்டுவோர் அளவையும் ஊரையும் இதே எண்ணுக்கு அனுப்புங்கள்.”

பல் அளவு பற்றிய வரியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். குறையையும் சொல்பவர் காரத்தைப் பற்றிச் சொன்னால் நம்பத் தோன்றும். உங்கள் பூண்டுக்குப் பொருந்தாத வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

படி 4: சட்டத்தைப் பாருங்கள்
சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. பூண்டு விற்பவர்கள் அதிகம் மாட்டக்கூடிய இடம் இது. புவிசார் குறியீட்டு முத்திரையையும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்ட பிறகே போட வேண்டும்.

படி 5: வாய்விட்டுப் படியுங்கள்
மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். அப்புறம் அனுப்புங்கள். திரும்பத் திரும்ப ‘விலை என்ன?’ என்றே பதில் வந்தால், அடுத்த முறை விலையை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.