என் பாஸ்போர்ட்டும் ஆறு மாதக் கணக்கும்

தைப்பூசத்துக்கு அப்பத்தாவைப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போக ஏற்பாடு. 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்பதால் டிக்கெட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால், அப்பத்தா பாஸ்போர்ட் சரி, என்னுடையதில் நாலு மாதம்தான் பாக்கி!

“அதான் இன்னும் நாலு மாசம் கெடக்கேப்பா?” என்றார் அப்பத்தா. போய் இறங்கும் நாளில் ஆறு மாதமாவது இருக்க வேண்டுமே.

புதுப் பாஸ்போர்ட்டுக்குத் தட்கலில், அதாவது அவசர முறையில், விண்ணப்பித்தேன். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கலுக்கு மேலே 2,000. மதுரைக்கு ஓர் அலைச்சல், அவ்வளவுதான்.

அப்புறம் மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டை. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம்தான், அது தெரியாமல் காசு கேட்ட ஒரு தளத்தில் கார்டு எண்ணைக்கூடப் பாதி அடித்துவிட்டேன்.