மண்சரிவின் ஆண்டு நினைவைத் தோட்டத்தில் நடத்துவது எப்படி

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் சரிந்து இறங்கின. இலங்கை முழுவதிலும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பேரழிவில் மிகப் பெரிய இழப்பு மலையகத்துக்கே நேர்ந்தது. அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்கள் மண்சரிவில் அப்படியே மண்ணுக்குள் போயின. இத்தகைய நாட்கள் நெருங்கும்போது ஏதாவது செய்ய வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழகமோ கோயில் குழுவோ பாடசாலை ஆசிரியர்களோ எண்ணுவது இயல்பு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விளக்கு, பந்தல், ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த நினைவு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைக் கேட்டறிவதுதான் முதல் வேலை.

ஒரு மாதத்துக்கு முன்னரே இழப்புக்குள்ளான ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலோ கோயில் கூட்டத்திலோ பலர் முன்னிலையில் கேட்டால் வேண்டாம் என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே அந்த வீட்டோடு நாளாந்தம் பழகுகிற ஒருவர், முடிந்தால் ஒரு பெண், தனியாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கும். "செத்தவங்க செத்துட்டாங்க, திரும்பவும் அதைக் கிளறாதீங்க" என்று ஒரு பாட்டி சொல்வார். உடல் கிடைக்காததால் மகனுக்குக் கருமாதியே செய்யாத தாய்க்கு, அவன் பெயரை இறந்தோர் வரிசையில் வாசிப்பது என்பது அவள் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஊர் அறிவிப்பதாகும். "முதல்ல வீட்டைக் கட்டிக் குடுங்க, விளக்கைப் பிறகு பார்ப்போம்" என்று, ஆபத்தான சரிவிலுள்ள அதே லயத்துக்குத் திரும்பிப் போக நேர்ந்தவர் சொல்வார். யாராவது பெயரைச் சொல்லி அழக் கிடைக்காதா என்று காத்திருப்பவரும் அதே வரிசையில் நாலு காம்பரா (அறை) தள்ளி இருப்பார். இவர்களுள் எவரையும் சமாதானப்படுத்தி மனம் மாற்றுவது உங்கள் வேலையன்று. வரவிரும்பாதவர்கள் வராமலிருப்பதற்கு ஏற்றபடி நிகழ்ச்சியை அமையுங்கள். அவர்கள் வாசலை ஒட்டி ஊர்வலம் போகக் கூடாது. ஒலிபெருக்கியின் வாய் லயத்தின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

இந்த வேறுபாடு நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2005 ஓகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், உரிமை கோரப்படாத உடல்கள் அடக்கம் செய்யப்பட்ட நினைவிடத்தில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. லோவர் நைன்த் வார்ட் என்ற பகுதியிலோ மக்கள் தங்கள் மரபுப்படி வாத்தியங்களோடு ஊர்வலம் போகிறார்கள். துயரத்துக்கு வாத்தியம் ஆகுமா என்ற கேள்வி நம் தோட்டங்களிலும் எழும், ஏனெனில் தப்பு என்ற பறை நமக்குச் சாவுக்கும் உண்டு, திருவிழாவுக்கும் உண்டு. தப்பு அடிப்பதா என்பதையும் அந்தந்தக் குடும்பங்களே சொல்லட்டும்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. வீட்டில் திதி பார்த்துப் படைப்பவர்களுக்கு ஆங்கிலத் திகதி பொருந்தாது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளிலேயே மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். அதே மண்ணில் உறவுகளை இழந்த சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் தங்கள் முறைப்படி தானமோ பிரார்த்தனையோ செய்வார்கள். ஆகவே பொது நிகழ்ச்சியைச் சமயச் சடங்காக்காமல், சடங்குகளை வீடுகளுக்கு விட்டுவிடுவதே நல்லது. வேலை நாளாக இருந்தால் கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவு நாளுக்காக யாரும் அரைப்பேரோடு (அரைநாள் கூலியோடு) திரும்ப நேரக் கூடாது. டித்வாவின் நாட்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கருத வேண்டும். நவம்பர் 27 வடக்கு கிழக்கில் மாவீரர் நாள் என்ற வேறொரு நினைவோடு பிணைந்த நாள் என்பதால், அதையொட்டி விளக்கேற்றும் கூட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். நிகழ்ச்சியின் நோக்கத்தையும் நேரத்தையும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால் முதியவர்கள் யாரும் கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டியிராது.

இடத்தைப் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் மலைக்கு மழைக் காலம். சரிந்த மண் ஆண்டுகள் கழிந்தும் முழுமையாக இறுகியிருக்காது. கூட்டத்தைச் சரிவு நடந்த இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். பாடசாலை மண்டபமோ கோயில் முற்றமோ போதும். அந்த மண்ணில் நின்று ஒரு பூவையாவது வைக்க வேண்டும் என்பவர்கள், காய்ந்த நாளொன்றில் இடம் அறிந்த ஒருவருடன் சிலராகப் போய் வரட்டும்.

பெயர் ஏடு எல்லாவற்றிலும் முக்கியமானது. மீரியபெத்தையில் காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் குழம்பிக் கிடந்தது. முதலில் நூற்றுக்கும் மேல் என்றவர்கள் பின்னர் அதைவிட வெகுவாகக் குறைந்த எண்ணிக்கையைச் சொன்னார்கள். லயத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வியப்பளிக்காது. ஒருவருக்கே செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிடும் பெயர் இன்னொன்று. கொழும்பில் கடையில் நிற்கும் பையன் விடுமுறைக்கு வந்திருப்பான்; அவன் பெயர் தோட்டத்தில் எந்த ஏட்டிலும் இராது. பிறந்து சில நாட்களேயான பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று எழுதத் தொடங்குங்கள். மூன்று பெயர்களையும் எழுதுங்கள். எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எந்த மலையில் கொழுந்து எடுத்தவர், எந்த வகுப்பில் படித்த பிள்ளை என்பதைக் குடும்பத்தார் சொல்கிற சொற்களிலேயே பதியுங்கள். உடல் கிடைக்காதவரைக் காணாமற்போனவர் என்று எழுதுவதா, இறந்தவர் என்று எழுதுவதா என்பது அந்த வீட்டின் முடிவு. எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் வெளியில் கொண்டு போகாதீர்கள். வேண்டாம் என்றவர்களின் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். அவர்கள் என்றாவது வந்து கேட்டால் எழுதுவதற்கு இடம் இருக்கும்.

நிகழ்ச்சியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமிக்காக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 காலை 9.25-க்கு நாடெங்கும் கடைப்பிடிக்கப்படும் இரண்டு நிமிட மௌனம் எல்லோருக்கும் பழக்கமானது. அதையே இங்கும் கொள்ளலாம். பிறகு இணங்கிய குடும்பங்களின் பெயர்களை மட்டும் வாசியுங்கள். வாசிப்பவர் இழந்தவராகவே இருக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தாதீர்கள். அரசியல்வாதிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் வர விரும்பினால் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரலாம். மேடையும் மாலையும் வேண்டாம் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அழுகிறவர்களின் முகத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து முகநூலில் போடுவதைத் தடுக்க, வாசலில் ஒருவரை நிறுத்தி முன்கூட்டியே சொல்லச் செய்யுங்கள். சரிவு நடந்தபோது பாடசாலையில் இருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் மீரியபெத்தையில் இருந்தார்கள். அத்தகைய பிள்ளையை மேடையேற்றிப் பேச வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

நினைவுக்கல் பற்றிய பேச்சும் எழும். தோட்டத்து நிலத்தில் கல் நாட்டுவதற்கு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பொறியுங்கள். ஆனால் குடும்பங்கள் தற்காலிகக் கூடாரத்தில் இருக்கையில் கல்லுக்காகப் பணம் திரட்டுவது அவர்களைப் புண்படுத்தும் என்பதால், வீடுகள் முடியும் வரை பெயர் ஏடே போதும்.

இன்னுமொரு விடயத்தை விட்டுவிட முடியாது. மீரியபெத்தை வாழ்வதற்கு ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. இறந்தவர்களை நினைக்கும் ஊர் இதையும் நினைக்க வேண்டும், ஏனெனில் அதே மாதிரிச் சரிவுகளின் கீழ் இன்றும் லயங்கள் இருக்கின்றன. ஆகவே அடுத்த சரிவுக்கு முன் தப்புவதற்கான ஆயத்தத்தையும் பேசுங்கள்; அதை அஞ்சலியோடு சேர்க்க வேண்டாம் என்று குடும்பங்கள் சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வையுங்கள். மழையை அளக்க, மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகரப் பேணி ஒன்றை எடுத்து, உட்புறத்தில் அடியிலிருந்து 75, 100, 150 மில்லிமீற்றர் உயரத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் அதை நேராக நிறுத்தி, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75-ஐத் தொட்டால் விழிப்பாயிருக்க வேண்டும். 100-ஐத் தொட்டால் புறப்படத் தயாராக வேண்டும். 150-ஐத் தொட்டால் வெளியேறியே ஆக வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரம், கலங்கி வரும் அல்லது சட்டென நின்றுவிடும் ஊற்று ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் பேணியைப் பார்த்துக்கொண்டிராமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இரவில் யார் யாரை எழுப்புவது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது என்பதையும் அன்றே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

மறுநாள், வந்தவர்கள் வராதவர்கள் என்ற பேதமின்றி எல்லா வீடுகளுக்கும் போய்ப் பாருங்கள். பெயர் ஏட்டின் ஒரு பிரதியைப் பாடசாலையிலும் ஒரு பிரதியைச் சரிவுக்கு அப்பாற்பட்ட இடத்தில் உள்ள ஒரு வீட்டிலும் வையுங்கள். அடுத்த ஆண்டு, இணங்கியவர்கள் மீண்டும் இணங்குவார்கள் என்று எண்ணிவிடாமல், எல்லோரிடமும் முதலிலிருந்து கேளுங்கள்.