பொலிவியா செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது உயரம்

19ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவில் நடந்த பசிபிக் போரில் சிலியிடம் தன் கடற்கரையை இழந்து நிலத்தால் சூழப்பட்ட நாடாகிய பொலிவியாவுக்குப் பயணம் திட்டமிடுவோர், வெப்பநிலையை விசாரிக்கும் முன் ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் அறிந்துகொள்வது மிகவும் அவசியம். லா பாஸ் நகருக்குரிய விமான நிலையம் எல் ஆல்ட்டோவில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருப்பதால், தாழ்நிலத்திலிருந்து நேராக அங்கே இறங்குவோருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை எளிதில் வரக்கூடும். ஆகவே, ஏறத்தாழ 400 மீட்டர் உயரமே உள்ள வெப்பமான சான்டா குரூஸில் இறங்கி, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள சுக்ரேயில் இரண்டு மூன்று நாள்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பிறகே லா பாஸுக்கு ஏறுங்கள். அரசமைப்புப்படி நாட்டின் தலைநகரம் சுக்ரேதான் என்பதால், அந்த நாள்கள் வீணாகா.

ஜூன், ஜூலை மாதங்களில் வானம் தெளிந்திருந்தாலும், மேட்டுநில இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். ஒட்டக இனத்தைச் சேர்ந்த ஆல்பாக்கா விலங்கின் கம்பளி உடைகளை அங்கேயே வாங்கலாம். அந்நாட்டுப் பூர்வகுடிகளான அய்மாரா, கெச்சுவா மக்கள் தரும் கோக்கா இலைத் தேநீர் அவர்களுடைய பழமையான வழக்கம். மரியாதையுடன் அருந்துங்கள், ஆனால் பல நாடுகளில் அந்த இலைக்குத் தடை உள்ளதால் ஊருக்கு எடுத்துவராதீர்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல் நீடித்தால், தாமதிக்காமல் தாழ்வான ஊருக்கு இறங்கி மருத்துவரை அணுகுங்கள்.