மெய்லிசர்ச் தேடுபொறியைச் சொந்த சர்வரில் நிறுவுவது எப்படி?

தளத்தில் பக்கங்கள் பெருகிவிட்டால், தேடியதைச் சட்டென எடுத்துத் தர ஒரு தேடுபொறி வேண்டும். எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டும் ஆற்றல் மிக்கவை. ஆனால் ஜாவாவில் ஓடுபவை, நினைவகத்தை நிறையக் கேட்பவை. முதன்முறை நிறுவுவோருக்கு நான் பரிந்துரைப்பது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட மெய்லிசர்ச். எழுத்துப் பிழையோடு தேடினாலும் விடை கிடைக்கும்.

படி 1: உபுண்டு சர்வரில் டாக்கரை, அதாவது மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் கருவியை, நிறுவுங்கள். சர்வர் உங்களுடையதா, கிளவுடில் வாடகைக்கு எடுத்ததா என்பதால் செய்முறை மாறாது. பிறகு மெய்லிசர்ச்சின் டாக்கர் இமேஜை (இயக்கத் தயாரான பொதியை), பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு இறக்குங்கள்.

படி 2: இங்கே அவசரம் வேண்டாம். கன்டெய்னரை (அந்த இமேஜின் இயங்கும் வடிவத்தை) இயக்கும் கட்டளையில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, தரவுக் கோப்புறையை சர்வரிலுள்ள ஒரு கோப்புறையோடு இணைப்பது. இணைக்காவிட்டால் கன்டெய்னரை நீக்கும்போது தரவும் போய்விடும். இரண்டாவது, மாஸ்டர் கீ, அதாவது எல்லா அனுமதியும் தரும் ரகசியச் சாவி. புரொடக்‌ஷன் (பொதுப் பயன்பாட்டுக்கான) முறையில் குறைந்தது 16 பைட் நீளமுள்ள கீ இல்லாமல் மெய்லிசர்ச் தொடங்கவே தொடங்காது. டெவலப்மென்ட் (சோதனைக்கான) முறையில் கீ இல்லாமலும் ஓடும். பொதுவெளியில் அப்படி ஓட்டாதீர்கள். மூன்றாவது, மெய்லிசர்ச் பயன்படுத்தும் 7700 போர்ட். அதை 127.0.0.1 என்ற, சர்வருக்குள்ளிருந்து மட்டும் அணுகக்கூடிய முகவரியோடு சேர்த்தே எழுதுங்கள். வெறும் 7700 என்று எழுதினால் டாக்கர் அதை எல்லோருக்கும் திறந்துவிடும், உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ ஃபயர்வாலில் தடுத்திருந்தாலும் பயனில்லை, டாக்கரின் விதிகள் அதைத் தாண்டிச் செல்லும். புதியவர்கள் பலர் அறியாத ஆபத்து இது.

படி 3: தேட வேண்டிய தரவை ஜேசான் (JSON) என்ற உரை வடிவில் அனுப்புங்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்த அடையாள எண் இருக்க வேண்டும். அனுப்பியதும் வரும் பதில், பணி வரிசையில் சேர்ந்துவிட்டது என்பதற்கான ரசீது மட்டுமே. முடிந்ததற்கான உறுதி அன்று. அந்தப் பணி எண்ணைக் கொண்டு நிலையைக் கேளுங்கள். தேடலில் ஒன்றும் வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். பிழைக்கான காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

படி 4: மெய்லிசர்ச்சுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (Nginx) என்ற வலை சர்வரை வைத்து, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழோடு எச்.டி.டி.பி.எஸ் வழியாகத் தேடலைத் திறந்துவிடுங்கள். வலைப்பக்கத்தில் தேடலுக்கான கீயை மட்டும் வையுங்கள். மாஸ்டர் கீ சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது.

பதிப்பை உயர்த்தும் முன் ஒரு டம்ப் (தரவை மீண்டும் ஏற்றக்கூடிய ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து, வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள். பழைய தரவுத்தளத்தைப் புதிய பதிப்பு ஏற்க மறுத்தாலும் டம்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.