வெளிநாடு போனவர் வீட்டுக்கு ஒரு சட்ட உதவி மேசை: டெல்டா ஊர்களில் நடத்தும் முறை

முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவுக்கும், மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போகாத தெருவே இல்லை. போனவருக்குச் சம்பளம் நின்றாலும் அடிபட்டாலும் இறந்தே போனாலும், புகார் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் இங்கே இருக்கும் மனைவியோ அம்மாவோதான். அவர் கையில் தாள் இருந்தால் வேலை நகரும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் முதல் மாதம் தாள் தேடுவதிலேயே போய்விடும். ஆகவே உதவி மேசையின் முக்கால்வாசி வேலை ஆள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பெரிய அலுவலகம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம், பள்ளிவாசல் கூடமோ சமுதாயக் கூடமோ போதும். ஆட்கள் மூன்று பேர் வேண்டும். ஒருவர் பேசிக் கேட்டு நோட்டில் எழுதுவார், ஒருவர் கணினியில் பதிவார், ஒருவர் வாரநாளில் தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூட வருவார். மூன்றாமவர்தான் கிடைப்பது கடினம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். பேச வருபவர் பெரும்பாலும் பெண் என்பதால் மேசையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கடன் எவ்வளவு, நகை எங்கே அடகில் இருக்கிறது என்பதை எல்லாம் ஆண்கள் நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோப்பு

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். அதில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, வேலை ஒப்பந்தம், ஏஜென்ட்டின் முழுப் பெயரும் உரிம எண்ணும், பணம் கட்டிய ரசீது, காப்பீட்டுப் பாலிசி, அங்குள்ள முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரின் எண் ஆகியவை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது ஓட்டு வீடுகளில் என்ன மிஞ்சியது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரும்பாலும் மஞ்சப்பையிலிருந்து வெளியே வருவது ஒரு செல்போன்தான். வாட்ஸ்அப்பில் வந்த விசாவின் படம், அதுவும் பாதி வெட்டிய படம். அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். முழுத்தாளையும் மறுபடி அனுப்பச் சொல்லி, தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று அரபி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 'ஆமில் மன்ஸிலி' என்றால் வீட்டு வேலை, 'ராயி' என்றால் மேய்ப்பவர். சூப்பர் மார்க்கெட் வேலை என்று நம்பிப் புறப்படுகிறவர் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கப் போய்ச் சேருவது இந்த ஒரு சொல்லைப் படிக்காததால்தான். குவைத் விசா என்றால் எண்ணைப் பாருங்கள். 18 என்றால் தனியார் நிறுவனம், 20 என்றால் வீட்டு வேலை. வீட்டு வேலைக்கு அங்கே தனிச்சட்டம், பாதுகாப்பும் வேறு. விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புவதாக ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மலேசியாவில் இப்படி மாட்டியவருக்குச் சம்பளப் பாக்கி கேட்பதை விடச் சிறையில்லாமல் திரும்பி வருவதே பெரிய பாடாகிவிடும்.

சிங்கப்பூர் என்றால் வேலை அனுமதிக்கு முன் அந்த அரசு தரும் ஐபிஏ என்ற முன்ஒப்புதல் கடிதம்தான் உயிர். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். பின்னால் சம்பளம் குறைந்தால் ஒப்பிடுவதற்கு அந்தத் தாள்தான் அளவுகோல்.

பத்தாம் வகுப்பு தேறாமல் ஈசிஆர், அதாவது வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் வரும். பணத்தை ஏஜென்ட் வாங்கிக்கொள்வார், பாலிசித் தாளை வீட்டுக்குத் தர மாட்டார். அது இருப்பதே தெரியாமல் பணம் கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. பாலிசி எண்ணைக் கேட்டு வாங்கி ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். சிங்கப்பூர் ஈசிஆர் பட்டியலில் இல்லை, அங்கே போகிறவருக்கு இது கட்டாயமும் இல்லை.

பெயர்

நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டுக்கு சர்நேம். வழக்குகள் இடறி விழும் இடம் இதுதான். முருகேசன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அட்டையில் மு. செல்வம், பாஸ்போர்ட்டில் செல்வம் முருகேசன், முதலாளியின் கணக்கில் வெறும் முருகேசன், மனைவியின் ஆதாரில் கணவர் பெயர் செல்வன். ஆள் இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ் மு. செல்வம் என்று வந்தால், செல்வம் முருகேசன் பெயரில் தூதரகத்துக்கு வந்த பணத்தை இந்தச் சான்றிதழுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆள் ஊரில் இருக்கும்போதே மனைவியின் பாஸ்போர்ட், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கணவர் பெயரை அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டல் மாறாமல், திருத்திவிடுங்கள். காலம் கடந்துவிட்டால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எழுதி, தாசில்தாரிடம் கொடுத்து, வாரிசுச் சான்றிதழிலேயே இரண்டு பெயரையும் 'என்கிற' என்று சேர்த்து எழுதக் கேளுங்கள்.

சம்பளம் நின்றால்

மாசம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஆறு மாதம் போய்விடும். கெடு அதற்குள் முடிந்துவிடக் கூடும். சிங்கப்பூரில் வேலையில் இருக்கும்போதே புகார் கொடுத்தால் சம்பளம் நின்ற நாளிலிருந்து ஓராண்டு. வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. புகாரைப் பதியாமல் டிக்கெட் கிடைத்ததே என்று திருச்சிக்கு விமானம் ஏறிவிட்டால், இங்கிருந்து அதை நடத்துவது மிகக் கடினம். அங்கே புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே இருக்கும் ஹோம், டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளில் முதலில் பேசச் சொல்லுங்கள். சவூதியில் வேலை முடிந்து 12 மாதம் தாண்டினால் தொழிலாளர் வழக்கே எடுக்க மாட்டார்கள்.

வளைகுடாவில் கோபத்தில் கம்பெனியை விட்டு ஓடிவிடுவதுதான் பெரிய தவறு. கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, உடனே ஹுரூப் என்று, ஆள் ஓடிவிட்டார் என்று, புகார் கொடுத்துவிடுவார். அதன்பிறகு பாக்கிச் சம்பளம் கேட்பவர் சட்டத்தின் கண்ணில் தலைமறைவானவர். ஓடுவதானால் நேரே இந்தியத் தூதரகத்துக்குத்தான் ஓட வேண்டும். அங்கே தங்கும் அனுமதி அட்டையான இக்காமாவின் நகலும் சம்பளச் சீட்டும் கைபேசியில் இருக்கட்டும்.

வீட்டார் இங்கே 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கியது. பாஸ்போர்ட் எண், முதலாளியின் முகவரி, எத்தனை மாதச் சம்பளம், மாதம் எவ்வளவு என்று எண்ணாக எழுதுங்கள். 'என் மகனைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதிய புகாரில் தூதரகம் யாரைத் தேடும்? கிடைக்கும் எண்ணை நோட்டில் எழுதி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அதே மனுவின் நகலை அனுப்புங்கள். இரண்டு பக்கமிருந்தும் கடிதம் போனால்தான் கோப்பு மேலே வரும். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090.

ஏஜென்ட் ஏமாற்றினால்

குடியேற்றச் சட்டம், 1983இன்படி பதிவு இல்லாமல் ஆள் அனுப்புவதே குற்றம். பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஊர்ப்பக்கம் லட்சக்கணக்கில் வாங்குகிறவர் பெரும்பாலும் பதிவில்லாத துணை ஏஜென்ட், உறவுக்காரராகக்கூட இருப்பார். அதனால்தான் யாரும் ரசீது கேட்பதில்லை. ரசீது தர மறுத்தால் வங்கி வழியாக மட்டும் பணம் போடச் சொல்லுங்கள், கணக்குப் புத்தகத்தில் விழும் அந்த வரியே சாட்சி.

இங்கே சங்கங்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. புகாரைச் சங்கத்தின் லெட்டர்பேடில் தலைவர் கையெழுத்தோடு கொடுப்பார்கள். அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி வழக்குத் தொடர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருக்காகத் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள், கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். மோசடிப் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இறப்பு

செய்தி வந்த நேரத்தில் யாருக்கும் தாள் படிக்கும் மனம் இருக்காது. அதனால் மேசைக்காரர் ஒருவர் அன்றைக்கு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். தூதரகம் கேட்கும் சம்மதக் கடிதத்தில் உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்பது தெளிவாக இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க வந்தால் போடக் கூடாது. உடலை அனுப்புவதோடு சேர்த்து 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று கம்பெனி எழுதி வாங்கப் பார்க்கும். உடல் வேறு, பாக்கி வேறு. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முதலாளி செலவு ஏற்காவிட்டால் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதியிலிருந்து அனுப்பக் கேட்டு மனு கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்தில் இறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்குவதை மறக்காதீர்கள். அரபியில் இருக்கும் ஒரே தாளை வைத்துக்கொண்டு தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்க முடியாது.

பவர் பத்திரம்

அங்கிருப்பவர் நிலம் விற்கவோ வீட்டுக் கடன் வாங்கவோ இங்குள்ளவருக்குப் பவர் எழுதித் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புவார். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு அறுவடை முடிந்து எடுத்துப் போனால் எளிதில் ஏற்க மாட்டார்கள், பெரும்பாலும் திரும்ப எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். தபால் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

இலவச வக்கீல்

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மனைவி மனு கொடுத்தால் கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்கிறாரே என்று யாரும் மறுக்க முடியாது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. அரசுக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம். பட்டுக்கோட்டையும் முத்துப்பேட்டையும் பக்கத்து ஊர்தான், ஆனால் வக்கீலைத் தேடிப் போக வேண்டிய திசை வேறு.

பணம் தருபவர்கள்

நகல், பயணம், நோட்டரிக் கட்டணம் என்று சில்லறைச் செலவுதான் அதிகம். இதைத் தாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் தெருவில் பிறந்தவரானாலும், குடியுரிமை மாறிய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு இல்லாமல் அதைத் தொட்டால் சங்கமே முடங்கும். அந்தப் பதிவுக்குச் சங்கம் மூன்று ஆண்டு இயங்கி 15 லட்சம் ரூபாய் பணிக்குச் செலவு செய்திருக்க வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சிறிய மேசைக்கு இது எட்டாது. அதனால் ஒவ்வொரு நன்கொடையாளரிடமும் கூச்சப்படாமல் பாஸ்போர்ட் நகல் கேளுங்கள். குடியுரிமை மாறியவரிடம் பணத்துக்குப் பதில் நேரம் கேளுங்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை ஒரு தொழிலாளியோடு புகார் கொடுக்கப் போய் வரும் ஒருவர், இங்கிருந்து நாம் எழுதும் பத்துக் கடிதத்துக்குச் சமம்.

உதவி பெறும் குடும்பத்திடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வழக்கில் வந்த தொகையில் பங்கு என்ற பேச்சே கூடாது. செலவுக் கணக்கை மாதாமாதம் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள், குடும்பங்களின் பெயரில்லாமல், கோப்பு எண்ணை மட்டும் போட்டு.