ஏரி பச்சையாவது நம் வீட்டிலிருந்துதான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமாக்காள் ஏரிப் பக்கம், இலக்கியம்பட்டிப் பக்கம் என்று தருமபுரியைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பழைய தெருக்காரர்கள் செய்த தவறுகளையே புதிதாகக் குடிவருபவர்களும் செய்கிறார்கள். குப்பையை ஏரியில் கொட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு போகும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் இங்கே பேச்சு. வயலில் பயிரை வளர்க்கும் அதே சத்து ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. மணிச்சத்தில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு கிலோ போதும், 500 கிலோ வரை ஈரப்பாசி வளர. ராத்திரியில் அந்தப் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால்தான் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது.

மழை வரும்போது உரம் போடுவது

டிஏபி உரத்தில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. மழை பெய்தால் அது கரைந்து ஏரிக்குத்தான் போகும். நாலு ரோஜாச் செடிக்குக் கைப்பிடி கைப்பிடியாக எதற்கு? எரு போதும்.

செப்டிக் டேங்க் குழாயைச் சாக்கடையில் விடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு கட்டும்போது, டேங்க்கிலிருந்து நாலு இஞ்ச் குழாயை நேராக மழைநீர்க் கால்வாய்க்குக் கொண்டுபோனார் மேஸ்திரி. கேட்டேன். "எல்லாரும் இப்படித்தாண்ணா விடறாங்க. லாரியே கூப்பிட வேணாம், டேங்க் நிறையவே நிறையாது" என்றார். வீட்டுக்காரருக்கும் அதில் சந்தோஷம். அந்தக் கால்வாய் போய் விழுவது ஏரியில்.

டேங்க்கில் போனாலே தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. டேங்க் கசடை மட்டும்தான் அடியில் நிறுத்தும். வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் தழைச்சத்தில் சுமார் 80 சதவீதமும், மணிச்சத்தில் பாதியும் சிறுநீரில் வருபவை. கரைந்திருக்கும் அந்தச் சத்து தெளிந்த தண்ணீரோடு அப்படியே வெளியே போய்விடும். தெளிவாக இருக்கிறதே என்று பார்த்து ஏமாற வேண்டாம்.

தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் அதில் சேருங்கள். வராவிட்டால் டேங்க்குக்கு அடுத்து உறிஞ்சுகுழி கட்டாயம் வேண்டும், அதுவும் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. நம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். குழி தண்ணீரை இழுக்காது. அங்கே டேங்க் தண்ணீர் போக, தரை மட்டத்துக்கு மேலே ஜல்லியும் மணலும் நிரப்பிய படுகை கட்டிக் கல்வாழை வைக்கலாம். மனை சின்னது என்றால் பக்கத்து வீட்டாரோடு பேசி ஒரே படுகையாகக் கட்டுங்கள். இதெல்லாம் அஸ்திவாரம் போடும்போதே யோசிக்க வேண்டியது. தளம் பூசி டைல்ஸ் ஒட்டின பிறகு உடைத்து மாற்ற யாருக்கும் மனசு வராது, செலவும் பல மடங்கு.

அப்புறம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டேங்க்கில் இருக்கும் கசடை எடுத்தே ஆக வேண்டும். கசடு நிறைந்துவிட்டால் அதுவும் உறிஞ்சுகுழிக்குப் போய் அடைத்துக்கொள்ளும்.

லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பதில் வராவிட்டால் வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.

மாட்டுக் கொட்டகையைக் கழுவித் தெருவில் விடுவது

சாணியை முதலில் வாரி எருக்குழியில் போடுங்கள். மிச்சத்தைக் கழுவும் தண்ணீர் தென்னைக்கோ வாழைக்கோ போகட்டும்.

ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையிலேயே போடுவது

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஏரி சுத்தம் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். அவ்வளவு உழைப்பும் வீண். கரையில் அழுகினால் செடி உறிஞ்சி வைத்திருந்த சத்து அடுத்த மழையில் திரும்ப ஏரிக்கே இறங்கும். ஒரு டிராக்டர் பேசி, அன்றைக்கே கரையைத் தாண்டித் தள்ளிக் கொண்டுபோய் மக்க வையுங்கள்.