பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் ஒரே பெல்லட்

மகள் ஏர் பிஸ்டல் சுடுகிறாள், மகன் ஏர் ரைஃபிள். சேலத்தில் இருந்துகொண்டு இரண்டு வகை பெல்லட் (இந்தக் காற்றுத் துப்பாக்கிகளில் போடும் சின்ன ஈயக் குண்டு) வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. இரண்டும் 4.5 மி.மீ., தட்டைத் தலைதான். எடைதான் வேறு: பிஸ்டலுக்கு 0.45 கிராம், ரைஃபிளுக்கு 0.53 கிராம் என்பது வழக்கம்.

கிளப்பில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து, 10 மீட்டரில் இரண்டு எடை பெல்லட்டையும் சுடச் சொன்னேன். பிஸ்டலுக்கான இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையம் 11.5 மி.மீ.; ரைஃபிளில் அது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அதனால் ரைஃபிளுக்கு ஒத்துவந்த கனமான பெல்லட்டையே வாங்கினேன். அது பிஸ்டலிலும் ஒரே இடத்தில் விழுந்தது.

ஈயம் மிருதுவானது. பெல்லட்டின் பின்விளிம்பு லேசாக நசுங்கினாலும் குறி விலகும். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்தே போடுகிறார்கள். பிறகு கை கழுவாமல் எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட்டைத் தொட விடமாட்டேன்.